மேல்வெட்டு எங்கே விழ வேண்டும்? போன்சாய்க்காக ஒரு விண்பதியம்

மரத்தில் நிற்கும் கிளையிலேயே பட்டையை வளையமாக உரித்து, ஈரப்பாசி சுற்றி வேர்விட வைத்து, பிறகு அறுத்துத் தனி மரமாக்குவதுதான் விண்பதியம். அதைப் போட்டிருக்கிறேன் என்றால் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை நாளில் வேர் விடும்?" நாற்று வளர்த்து விற்பவருக்கு அது சரியான கேள்விதான். சிறு தொட்டியில் ஒரு முதிய மரத்தின் சாயலைக் குட்டையாக வளர்த்துக் காட்டும் போன்சாய்க்காரருக்கு அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: பட்டையை உரிக்கப்போகும் மேல்கோடு எங்கே ஓடப்போகிறது? அந்தக் கோட்டில்தான் வேர் வரும். அந்தக் கோடுதான் நாளைக்கு மண்மட்டம். அதற்கு மேலே இருப்பது புது மரம், கீழே இருப்பது தாய்மரம். அடிமரத்தின் பருமன், முதல் கிளை நிற்கும் உயரம், தண்டு மண்ணைவிட்டு எழும் சாய்வு எல்லாமே அந்த ஒரு கத்திக்கீறலில் முடிவாகிவிடுகின்றன. வேர் விடுவது மரத்தின் பாடு. அதை மரம் பெரும்பாலும் ஒழுங்காகவே செய்துவிடும்.

விதையிலிருந்து தொடங்கினால் கட்டைவிரல் பருமனில் ஒரு தண்டு கிடைக்கவே சில வருடங்கள் ஓடிவிடும். சிறு தொட்டியிலேயே வளர்த்தால் இன்னும் தாமதமாகும். வேருக்கு இடம் குறைந்தால் தண்டு தடிக்காது. குச்சியை வெட்டி நடலாம், ஆனால் பெரும்பாலான மரங்களில் பென்சில் பருமனைத் தாண்டிய குச்சிகள் வேர்விடும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அத்தி இனங்கள் இதற்கு விதிவிலக்கு. வெட்டிய குச்சிக்குத் தண்ணீர் வரும் வழி அந்த நொடியே அடைபட்டுவிடுகிறது. வேர் வருவதற்குள் அது காயாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். விண்பதியத்தில் கிளை தாய்மரத்திலேயே நின்று, அதன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே தனக்கென்று வேர் போட்டுக்கொள்கிறது. அதனால் மணிக்கட்டுப் பருமன் கிளையைக்கூடக் கழற்றி எடுக்கலாம். ஒரே பருவத்தில் பல வருடத்துத் தண்டு கையில் கிடைக்கும். பூ, காய் மரங்களில் இன்னொரு லாபமும் உண்டு. பூத்துக்கொண்டிருக்கும் கிளை பதியமான பிறகும் அந்த முதிர்ச்சியோடே இருக்கும். விதைக்கன்று மாதுளை பூக்கும்வரை காத்திருக்கும் காலம் இதில் இல்லை.

இனி கோட்டுக்கு வருவோம். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி, கத்தியை எடுக்கும் முன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பது. தோட்டத்தில் நிற்கும் பெரிய மரத்தைப் பார்த்தால் அது ஒரு மரமாகத் தெரியக் கூடாது; உள்ளே ஒளிந்திருக்கும் பல சின்ன மரங்கள் தெரிய வேண்டும். ஒரு வெள்ளைத் துணிப்பட்டையைக் கிளையில், வெட்ட நினைக்கும் இடத்தில் சுற்றிக் கட்டிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். கீழ்ப்பகுதியை உள்ளங்கையால் மறைத்தால், துணி மண்ணாகவும் மேலே இருப்பது தனி மரமாகவும் தெரியும். துணியை ஒரு விரற்கடை ஏற்றினால் ஒரு மரம், இறக்கினால் வேறு மரம். நான் துணியைச் சில நாள் அப்படியே விட்டுவிடுவேன். காலையில் பிடித்த இடம் மாலையில் பிடிக்காமல் போவது உண்டு.

எதைத் தேடுவது? முதலில் பருமன் குறைந்துகொண்டே போகும் தண்டு. போன்சாயில் கண் அடியிலிருந்து உச்சிக்குப் போகும். அடி தடித்து மேலே போகப்போகச் சிறுத்தால்தான் சின்ன மரம் முதிய மரமாகத் தெரியும். கிளைகள் பெரும்பாலும் நீளத்துக்கு ஒரே பருமனில் ஓடும். பக்கக்கிளை பிரியும் இடத்தில்தான் பருமன் ஒரு படி இறங்கும். ஆகவே அடுத்தடுத்துப் பிரிவுகள் உள்ள, வளைந்து நெளிந்த துண்டுதான் வேண்டும். நேராக ஓங்கி வளர்ந்த கிளை பதியத்துக்கு எவ்வளவு எளிதோ, போன்சாய்க்கு அவ்வளவு உபயோகமற்றது.

இரட்டைத் தண்டு மரம் வேண்டுமென்றால் கவை பிரியும் இடத்தைத் தேடுங்கள். அங்கே கோடு கவைக்கு ஒட்டினாற்போலக் கீழே ஓட வேண்டும். நாலு விரல் தள்ளிப்போனால் மண்ணிலிருந்து ஒரு காம்பு எழுந்து பிறகு பிரியும். அது உண்டிவில் மாதிரி இருக்கும், எவ்வளவு வளைத்துக் கட்டினாலும் சரிசெய்ய முடியாது.

ஒரே இடத்திலிருந்து மூன்று நான்கு கிளைகள் கிளம்பினால் அந்த இடம் வீங்கி, தண்டு கீழே சிறுத்து மேலே பருத்துவிடும். போன்சாய்க்காரர்கள் பார்த்தவுடன் முகம் சுளிக்கும் குறை இது. ஆனால் மேல்வெட்டை அந்த வீக்கத்தின் நடுவிலேயே போட்டுவிட்டால், வீக்கமே அடிமரமாகி மண்மட்டத்தில் அகன்று உட்காரும். இதே வழியில், ஒட்டுக்கட்டிய மேப்பிளில் ஒட்டுத்தழும்பு அசிங்கமாகத் தெரிந்தால், தழும்புக்கு மேலே பதியம் போட்டு அந்த ரகத்தைச் சொந்த வேரில் நிறுத்தலாம். சில மென்மையான மேப்பிள் ரகங்கள் சொந்த வேரில் மெலிந்துபோகும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாய்வும் இந்தக் கோட்டில்தான் இருக்கிறது. வளையத்தைத் தண்டுக்குக் குறுக்கே நேராக வெட்டினால் மரம் நிமிர்ந்து நிற்கும். சாய்மரம் வேண்டுமென்றால் வளையத்தையே சாய்த்து வெட்ட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேலிருந்து இறங்கி வருவதெல்லாம் சாய்ந்த மேல்வெட்டு விளிம்பின் கீழ்முனையில் போய்ச் சேருவதால், வேர் அந்தப் பக்கம் கொழித்து, எதிர்ப்பக்கம் நோஞ்சானாகும். மிதமான சாய்வோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

"மேலிருந்து இறங்கி வருவது" என்றேன். அது என்ன என்று தெரிந்தால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வேர் உறிஞ்சும் தண்ணீர் பட்டைக்கு உள்ளே இருக்கும் மரக்கட்டை வழியாக மேலே ஏறுகிறது. இலை சமைக்கும் சர்க்கரை உள்பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது. பட்டையை வளையமாக உரித்தால் ஏற்றம் தொடர்கிறது, இறக்கம் மட்டும் நின்றுபோகிறது. 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிவியலாளர் மார்செல்லோ மால்பிகி பட்டையை வளையமாக எடுத்து, வெட்டுக்கு மேலே தண்டு வீங்குவதைக் கண்டார். கொழுந்தில் உருவாகிக் கீழ்நோக்கிப் பயணிக்கும் ஒரு வளர்ச்சிப் பொருள் இருக்கிறது என்பதை 1920-களில் டச்சுத் தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட் ஓட்ஸ் நாற்றுகளைக் கொண்டு காட்டினார். அதுதான் ஆக்சின். சர்க்கரையும் ஆக்சினும் மேல்வெட்டின் விளிம்பில் வந்து முட்டி நிற்கின்றன. அந்த இடம் இருட்டாகவும் ஈரமாகவும் இருந்தால் அங்குள்ள செல்கள் வேராக மாறத் தொடங்குகின்றன. கடையில் கிடைக்கும் வேர் ஊக்கிப் பொடியில் இருப்பது பெரும்பாலும் ஐபிஏ என்கிற இன்டோல் பியூட்டிரிக் அமிலம். அதுவும் ஆக்சின் வகைதான்.

எப்போது போடலாம் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். கொழுந்து விடும் நேரத்தில் சர்க்கரை எல்லாம் துளிருக்கே போகும். துளிர் இலையாகி, முற்றி, கெட்டிப்பட்ட பிறகுதான் அது கீழே அனுப்பத் தொடங்கும். இலையுதிர் மரங்களில் வசந்தத்தின் முதல் தழை முற்றியதும் போடுவது இதனால்தான். என்றும் பசுமையான வெப்பமண்டல மரங்களுக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம்; மரம் சுறுசுறுப்பாக வளரும் காலமும் காற்றில் கொஞ்சம் ஈரமும் இருந்தால் போதும். பதியம் போடப்போகும் கிளையில் இலையைக் கழித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. வேருக்குச் சோறு போடுவதே அந்த இலைகள்தான்.

இனி கத்தி. அது கூர்மையாக இருக்க வேண்டும், சாராயத்தால் துடைத்திருக்க வேண்டும். மேல்கோட்டை ஒரே சீராக, தண்டைச் சுற்றி, கட்டை தட்டும் வரை அழுத்தி வெட்டுங்கள். கீழ்க்கோடு அதிலிருந்து தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தள்ளி வரட்டும். மூன்று சென்டிமீட்டர் தண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கீழ்க்கோடு கோணலாகப் போனாலும் கவலையில்லை, அந்தப் பக்கம் வேர் வரப்போவதில்லை. இரண்டையும் இணைத்து நெடுக்காக ஒரு கீறல் போட்டு, கத்திமுனையால் பட்டையின் ஓரத்தை நெம்புங்கள். நல்ல பருவத்தில் அது முழு வளையமாகக் கழன்று வரும். உள்பக்கம் நனைந்து பளபளவென்றிருக்கும்.

உரித்த இடத்தை விரலால் தடவினால் வழுவழுவென்று இருக்கும். அந்த வழுவழுப்புதான் கேம்பியம், புதுப் பட்டையையும் கட்டையையும் உருவாக்கும் மெல்லிய உயிரடுக்கு. அதில் ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மரம் அதைப் பிடித்துக்கொண்டு மேல்பட்டையையும் கீழ்பட்டையையும் இணைக்கப் பாலம் கட்டிவிடும். பாலம் வந்துவிட்டால் சர்க்கரை பழையபடி கீழே இறங்கும், வேர் வராது. கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள். வழுக்கல் போய், நகம் பட்டால் சொரசொரக்கும் வெளிர் கட்டை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஆழமாகப் போகக் கூடாது. குறிப்பாக எல்ம், ஓக் போன்ற மரங்களில் தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் வெளிப்புறத்தின் புதிய வளையத்தில்தான். அதைச் செதுக்கினால் மேலே இருப்பது வாடிவிடும். அத்தி இனங்களில் பால் வடியும். ஈரத்துணியால் துடைத்து, பால் நிற்கும்வரை பொறுத்து, பிறகு மேலே போகலாம்.

ஊக்கிப் பொடியை மேல்வெட்டின் விளிம்பில் மட்டும் தொட்டு வையுங்கள். தேன், கற்றாழைச் சாறு, இலவங்கப்பட்டைத் தூள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எளிதில் வேர்விடும் மரத்தில் எதைத் தடவினாலும் வேர் வரும், தடவிய பொருள் பேர் வாங்கிக்கொள்ளும். வேர்விடத் தயங்கும் மரத்தில்தான் ஊக்கியின் அருமை தெரியும், அங்கே எனக்கு ஐபிஏ மேல்தான் நம்பிக்கை.

சுற்றிக் கட்ட நீளநார் ஸ்பேக்னம் பாசிதான் முதல் தேர்வு. ஊறவைத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும், அதற்கு மேல் ஒழுகக் கூடாது. சொதசொதவென்று கட்டினால் வேருக்குக் காற்றில்லாமல் விளிம்பே அழுகும். தென்னை நார்த்தூளும் வேலை செய்யும், ஆனால் பிறகு வேரைப் பிரிக்கும்போது பாசி எளிது. உருண்டையின் நடு மேல்வெட்டுக்கு நேராக வரட்டும். பாதி பாசி வெட்டுக்கு மேலே, பட்டையின்மேல் படிய வேண்டும். அதன்மேல் பாலிதீன் தாள். இந்தத் தாள் நீராவியை உள்ளேயே வைத்துக்கொண்டு ஆக்சிஜனை ஓரளவு உள்ளே விடும். பிளாஸ்டிக் தாள்கள் வருவதற்கு முன்பு பதியத்தை ஈரமாக வைத்திருக்கத் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. இரண்டு முனைகளையும் இறுக்கிக் கட்டி, வேர் வெளிச்சம் காணாமலிருக்க மேலே கறுப்புத் தாளோ அலுமினியத் தாளோ சுற்றுங்கள். பளபளப்பைக் கொத்திப் பார்க்கும் பறவைகள் இருக்குமிடத்தில் கறுப்பே மேல்.

பருத்த தண்டுகளுக்கு நான் விரும்புவது தொட்டி முறை. பிளாஸ்டிக் தொட்டியை ஒரு பக்கம் பிளந்து, அடியில் தண்டுக்குத் துளை போட்டு, கிளையைச் சுற்றி மாட்டிக் கம்பியால் கட்டி, பாசியும் பொடிக்கல்லும் கலந்து நிரப்புவது. மேலே திறந்திருப்பதால் தண்ணீர் ஊற்றலாம். வேர் உருண்டைக்குள் சுற்றாமல் அகலவாக்கில் பரவும். போன்சாய்க்கு வேண்டியது அதுதானே. இதில் புதுமை எதுவும் இல்லை. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய ரோமானியர் கேட்டோ, அடியில் துளையிட்ட பானைக்குள்ளோ கூடைக்குள்ளோ கிளையை விட்டு, மண் நிரப்பி, மரத்திலேயே இரண்டு வருடம் வைத்திருந்து, பிறகு கீழே வெட்டிக் கூடையோடு நடச் சொல்லியிருக்கிறார்.

காத்திருப்பு மரத்துக்கு மரம் வேறுபடும். அத்தி இனங்கள் ஒன்றிரண்டு மாதத்தில் வேர்விடும். விழுது விடுவதே அவற்றின் சுபாவம். மாதுளை, எல்ம், மேப்பிள் எல்லாம் நல்ல பருவத்தில் இரண்டு மூன்று மாதம். காகிதப்பூவும் விடும், ஆனால் அதன் வேர் நூலிழை, தொட்டால் ஒடியும். ஜூனிப்பருக்கு ஒரு வருடம் கூட ஆகலாம். அதற்கு முழு வளையத்தைவிடச் செம்புக் கம்பியை இறுக்கிக் கட்டும் முறை பாதுகாப்பானது: தண்டு தடிக்கத் தடிக்கக் கம்பி பட்டையில் புதைந்து இறக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெரிக்கும், மரத்துக்குப் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

சில சமயம் மாதங்கள் கழித்துத் திறந்தால் வேரே இருக்காது. விளிம்பில் வெளிர் நிறத்தில் உருண்டு திரண்ட தழும்புத்திசு மட்டும் பருத்து நிற்கும். கிளை பசுமையாக இருந்தால் கதை முடியவில்லை. அந்தத் திசுவை மெல்லச் சீவி, ஊக்கியைத் தொட்டு, புதுப் பாசி வைத்துக் கட்டிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் வேர் வந்திருந்தாலும் வராத பக்கத்துக்கு இதே வைத்தியம்தான்.

எப்போது அறுப்பது? தாளுக்குள் முதல் வெள்ளை நுனி தெரிந்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும். அந்த நுனி ஒரு மரத்தின் தாகத்தைத் தீர்க்காது. வெள்ளை பழுப்பாகி, பழுப்பு வேரிலிருந்து பக்கவேர்கள் கிளைத்து, பாசி முழுக்க ஓடித் தாளை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்போது கீழ்க்கட்டுக்கும் கீழே ரம்பம் வைத்து அறுத்து, பாசியைப் பிரிக்காமல் அப்படியே நீர் வடியும் கலவையில் நடுங்கள். தண்டைக் கம்பியால் தொட்டியோடு சேர்த்துக் கட்டுவதை விட்டுவிடாதீர்கள். காற்றில் மரம் ஆடினால் புதுவேர் அடியிலேயே முறியும், நமக்குத் தெரியவும் தெரியாது. வேர் குறைவாகத் தெரிந்தால் இலையைக் கொஞ்சம் கழிக்கலாம். இப்போது அதற்கு அர்த்தம் உண்டு. சில வாரம் நிழலும் ஈரக்காற்றும் போதும். உரம், கம்பி கட்டி வளைப்பது, சின்னத் தட்டுத்தொட்டிக்கு மாற்றுவது எல்லாம் பிறகு.

அடுத்த மாற்றுநடவில்தான் கோடு போட்டதன் பலன் தெரியும். இடுக்கியும் தண்ணீருமாக உட்கார்ந்து பாசியை இழை இழையாக எடுத்துவிட்டு, வேருக்குக் கீழே துருத்தி நிற்கும் பழைய கட்டையை வேர் மட்டத்துக்கு ஒட்டத் தட்டையாக அறுத்துவிடுங்கள். நேர் கீழே இறங்கும் வேர்களை எடுத்துவிட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறியவற்றில் ஒன்றைக் கழித்து, மற்றவற்றை நாலாபக்கமும் சூரியக்கதிர் போலப் பிரித்து வையுங்கள். மண்மேல் விரியும் இந்த வேர்த்தொகுதியை ஜப்பானியர் நெபாரி என்பார்கள். விதைமரத்தில் ஆணிவேரோடு பல வருடம் மல்லுக்கட்டிப் பெற வேண்டியதை, பதியம் ஒரே மட்டத்தில் சுற்றிவர வேராகத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுகிறது. கொழுத்த வேரைச் சற்றுக் குட்டையாக வெட்டினால் மெலிந்தது எட்டிப்பிடிக்கும்.

தாய்மரத்தை மறந்துவிடக் கூடாது. கிளையில் போட்ட பதியம் அதற்குச் சாதாரணக் கவாத்துத்தான். முதன்மைத் தண்டிலேயே வளையம் போட்டால் நிலைமை வேறு: மேலே சமைக்கும் சர்க்கரை இனி பழைய வேருக்கு வராது. வளையத்துக்குக் கீழே ஒரு கிளையாவது இலையோடு இருந்தால் வேர் அதை வைத்துப் பிழைக்கும். அத்தியும் எல்மும் மேப்பிளும் அறுத்த இடத்துக்குக் கீழிருந்து துளிர்த்து வரும். அந்த அடிக்கட்டையே வேரோடு கூடிய இன்னொரு போன்சாய்க்கு ஆகும். பைன் அப்படியில்லை. இலையற்ற பழைய கட்டையிலிருந்து அது துளிர்ப்பது அரிது, வேர்விடவும் இரண்டு வருடம்வரை எடுத்துக்கொள்ளும், பல நேரம் விடாமலே போய்விடும். பைனின் தண்டில் வளையம் போடும் எண்ணம் இருந்தால், கீழே பச்சை ஊசியோடு ஒரு கிளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கத்தியை மடக்கிவிடுங்கள்; பதியமும் போகும், தாய்மரமும் போகும்.